ஸ்பீக்கரை எங்கே வைப்பது, எதன் மேல் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் என் வீட்டு ஹாலில் ஒரு ஜோடி ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக இடம் மாற்றி மாற்றிக் கேட்டுப் பழகியவன் நான். அந்தப் பழக்கத்தில் கோபி, பெருந்துறை, பொள்ளாச்சி, கோவை என்று சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீடுகளிலும் போய் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். எங்கே போனாலும் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கும்: "ஏனுங்க, நல்ல செட்டுன்னு சொல்லித்தான் வாங்கினேன், ஒண்ணும் தெரியலீங்களே?" பெட்டியை விற்றுவிட வேண்டாம், அதைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துப் பார்ப்போம் என்பதுதான் பெரும்பாலும் என் பதில். எப்படி வைப்பது என்பதைக் கேள்வி கேள்வியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

புது ஸ்பீக்கர், நல்ல ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). ஆனாலும் பாட்டு ஏன் மொத்தையாகக் கேட்கிறது?

முதலில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் அது ஷோகேஸுக்குள் இருந்தது. கோபியில் மாமா ஒருவர் வீட்டில் இரண்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்களையும் (சிறு பெட்டி ஸ்பீக்கர்) படுக்க வைத்து, ஒரு பக்கம் கொலுப் பொம்மை, இன்னொரு பக்கம் பையன் வாங்கிய கபடிக் கோப்பை என்று நெருக்கி அடைத்திருந்தார்கள். பெட்டியின் முதுகில் இருக்கும் போர்ட் ஓட்டைக்கும் பலகைக்கும் நடுவே 2 விரல்கடைதான் இடம். அதிலிருந்து வரும் பேஸ் (கனமான அடிச்சத்தம்) காற்று அந்தப் பொந்துக்குள்ளேயே சுழன்று, பலகையையும் கண்ணாடிக் கதவையும் சேர்த்து அதிர வைக்கும். நம் காதுக்கு வருவது ஸ்பீக்கர் பாடுவதும் அலமாரி பாடுவதும் கலந்த சத்தம்.

இரண்டையும் வெளியே எடுத்து, உயரமான இரண்டு முக்காலிகள் மேல் நிமிர்த்தி வைத்து, சுவரை விட்டு இரண்டரை அடி முன்னால் தள்ளினோம். பத்து நிமிட வேலை, ஒரு பைசா செலவில்லை. அத்தை கேட்டுவிட்டு, "இப்பத்தான் வார்த்தை புரியுது" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவைப்படவில்லை. பேஸ் கூடியதா, ட்ரெபிள் (கூர்மையான மேல்சத்தம்) கூடியதா என்பதெல்லாம் அப்புறம். பாடுகிறவரின் வார்த்தை தெளிவாக விழ வேண்டும்.

"குரல் நடுவில் நிற்கும்" என்கிறார்களே, அப்படி என்றால் என்ன?

இடது, வலது இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே குரல் ஒரே அளவில், ஒரே நேரத்தில் வந்தால், நம் மூளை அதை இரண்டாகக் கேட்பதில்லை. இரண்டுக்கும் நடுவே, ஒன்றும் இல்லாத இடத்தில், ஒரு ஆள் நின்று பாடுவது போலக் காட்டும். ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-இல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்டது இந்தக் காதுக் கணக்கை வைத்துத்தான்.

இது நடக்க வேண்டுமானால் இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் காதிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்று 10 செ.மீ. முன்னால் வந்தாலே குரல் அந்தப் பக்கம் சாயும். டேப்பை எடுத்து அளங்கள், கண்ணளவு போதாது. சரியாக அமைந்த வீட்டில் கண்ணை மூடிக் கேட்டால் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நாதஸ்வரம் நடுவில், தவில் கொஞ்சம் தள்ளி, தாளம் இன்னும் ஓரமாக என்று ஆள் ஆளாக உட்கார்ந்திருப்பார்கள். இதை ஒருமுறை கேட்டவர்கள் பழைய இடத்துக்கு ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஹால் 16-க்கு 11 அடி. எங்கிருந்து தொடங்குவது?

என் ஹாலும் ஏறக்குறைய அதே அளவுதான், அதனால் அதையே வைத்துச் சொல்கிறேன். ஸ்பீக்கர்களை 11 அடிச் சுவர்ப் பக்கம் வையுங்கள். பெட்டியின் முன்முகம் அதன் பின்னால் இருக்கும் சுவரிலிருந்து 3 அடி தள்ளி வரட்டும். இரண்டுக்கும் நடுவே 7 அடி. அப்படியானால் பக்கச் சுவருக்கு ஆளுக்கு 2 அடி மிச்சம். நீங்கள் உட்காரும் இடம் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரிலிருந்து 6 அடி முன்னால். காதுக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஏழே முக்கால் அடி வரும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சேர்ந்த முக்கோணம் சமபக்க முக்கோணத்தைவிடச் சற்று நீளம், ஆனால் நன்றாக இருக்கும்.

அப்புறம் மெல்ல நகர்த்துங்கள், ஒரு தடவைக்கு 5 செ.மீ. மட்டும். சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொண்டே போனால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். ஆண் குரல், ஒரே ஒரு பக்கவாத்தியம் உள்ளதாக இருந்தால் வித்தியாசம் சீக்கிரம் பிடிபடும். ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து இடம் பார்க்காதீர்கள், தலை சுற்றும்.

ஸ்பீக்கரைக் காதை நோக்கி எவ்வளவு திருப்புவது என்பது கடைசி வேலை. முதலில் நேராக வைத்துக் கேளுங்கள். குரல் பரவலாக, உருவமில்லாமல் இருந்தால் இரண்டையும் சமமாக உள்ளே திருப்புங்கள். மேல்சத்தம் தருகிற சின்ன வட்டமான ட்வீட்டரின் கூர்மை காதைக் குத்தினால் நேராக்குங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பெட்டியின் உள்பக்கப் பலகை ஒரு நூல் அளவு தெரிகிற திருப்பம் பல வீடுகளில் சரியாக அமைந்திருக்கிறது.

ஹாலுக்கு நடுவில் 3 அடி தள்ளி வைத்தால் நடமாட முடியாதே?

நியாயமான கேள்வி. பத்துப் பேர் வந்து போகிற வீட்டில் அது நடக்காது. ஸ்டாண்டின் அடியில் கெட்டியான ஃபெல்ட் (கம்பளித் துணி) ஒட்டி, கேட்கும்போது முன்னால் இழுத்து, முடிந்ததும் சுவரோரம் தள்ளிவிடுங்கள். டைல்ஸ் தரையில் சுலபமாக நகரும். நிரந்தரமாகத்தான் வைக்க வேண்டும் என்றால் ஒன்றரை அடியில் நிறுத்தி, பின்பக்கப் போர்ட்டில் ஒரு காட்டன் சாக்ஸைச் சுருட்டிச் செருகுங்கள். பேஸ் அளவு குறையும், ஆனால் இறுக்கமாக வரும்.

பேஸ் ஏன் ஒரு இடத்தில் இடிக்கிறது, இன்னொரு இடத்தில் காணாமல் போகிறது?

இதற்கு இரண்டு காரணம். முதலாவது அறையின் அளவு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. இரண்டு சுவருக்கு நடுவே அலையின் பாதி நீளம் சரியாகப் பொருந்துகிற ஸ்வரத்தில் அறையே சேர்ந்து முழங்கும். 16 அடி என்றால் 4.88 மீட்டர், அங்கே 35 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 35 அதிர்வு) முழங்கும். 11 அடி அகலத்துக்கு 51 ஹெர்ட்ஸ், 10 அடி கூரை உயரத்துக்கு 56 ஹெர்ட்ஸ். இந்த முழக்கம் சுவரோரம் அதிகம், அறையின் நட்டநடுவில் குறைவு. சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பேஸ் மேலே விழுந்து அமுக்கும். நட்டநடுவே உட்கார்ந்தால் துடும்பு மேளச் சத்தம்கூடச் சப்பென்று போகும். மேலே 6 அடி என்று சொன்னது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இடம். சோபாவை அவ்வளவு இழுக்க முடியாவிட்டால் ஒன்றரை அடியாவது இழுங்கள்.

இரண்டாவது, ஸ்பீக்கருக்கு அருகில் இருக்கும் சுவரும் தரையும். பேஸ் ஒலி பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, முன்னால் போன ஒலிக்கு எதிராக வந்து ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தை அழிக்கும். தூரம் 3 அடி என்றால் 94 ஹெர்ட்ஸ் பக்கம், 2 அடி என்றால் 141 ஹெர்ட்ஸ் பக்கம். பின்சுவர், பக்கச்சுவர், தரை மூன்றுக்கும் ஒரே தூரம் வைத்தால் மூன்று பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்து பெரும் குழியாகிவிடும். அதனால் மூன்று தூரமும் வேறு வேறாக இருக்கட்டும். மேலே சொன்ன அமைப்பில் பின்னால் 3 அடி, பக்கத்தில் 2 அடி, தரையிலிருந்து வூஃபர் (பேஸ் தருகிற பெரிய வட்டம்) இரண்டரை அடிக்குச் சற்று மேலே. அந்த அளவுகளை அப்படி எடுத்தது இதற்காகத்தான்.

மூலையில் வைக்காதீர்கள். ஒவ்வொரு சுவர் அருகில் வரும்போதும் அடிப் பேஸ் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) வரை ஏறும். வாஸ்து பார்த்து மூலையில்தான் வைக்க வேண்டும் என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். மூலையில் குத்துவிளக்கை வைத்துக்கொள்ளலாம், ஸ்பீக்கர் வெளியே வரட்டும் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

எங்களுடையது 10-க்கு 10 அறை, கூரையும் 10 அடி. என்ன செய்வது?

கஷ்டமான அறை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 56 ஹெர்ட்ஸிலேயே முழங்கும். வேறு அறை இருந்தால் அங்கே போங்கள். இல்லாவிட்டால் சிறிய ஸ்பீக்கரை வைத்து, 4 அடி தூரத்தில் கிட்ட உட்கார்ந்து, குறைந்த சத்தத்தில் கேளுங்கள். தரையில் நிற்கிற பெரிய டவர் ஸ்பீக்கர் அங்கே பணத்துக்குக் கேடு.

ஸ்டாண்ட் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் வழக்கமாக உட்காருவது போலச் சாய்ந்து உட்காருங்கள். வீட்டில் யாரையாவது தரையிலிருந்து காது வரை அளக்கச் சொல்லுங்கள். சோபாவில் சுமார் 95 செ.மீ. வரும். பெட்டியின் அடியிலிருந்து ட்வீட்டர் நடு வரை அளங்கள், 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 70. அதுதான் உங்கள் ஸ்டாண்ட். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 60 செ.மீ.; அதைவிட உங்கள் அளவை நம்புங்கள்.

நம் பக்கத்தில் ஜமக்காளம் விரித்துக் கீழே உட்கார்ந்து கேட்கிற வீடுகள் நிறைய. அவர்களுக்குக் காது 75 செ.மீ. சுமாருக்கு வரும், 50 செ.மீ. ஸ்டாண்ட் போதும். இரண்டு வகையாகவும் உட்காருவார்கள் என்றால் நடு உயரத்தில் செய்து, கீழே உட்காரும்போது பெட்டியின் பின்பக்கத்தைச் சிறு ரப்பர் துண்டால் உயர்த்திக்கொள்ளலாம்.

வெல்டிங் பட்டறையில் ஸ்டாண்ட் செய்ய முடியுமா?

தாராளமாக. கோவையில் இருந்து ஈரோடு வரை லேத்துக்கும் வெல்டிங் பட்டறைக்கும் பஞ்சமில்லாத நாடு இது. நல்ல கைகள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கும்போது ஸ்டாண்டை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. நான் சொல்கிற அளவு: 3 இன்ச் எம்.எஸ். (இரும்பு) ஸ்கொயர் பைப், 3 மி.மீ. கனம், 60 செ.மீ. நீளம் (உங்கள் உயரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்). அடித்தகடு 30-க்கு 30 செ.மீ., 6 மி.மீ. கனம். மேல்தகடு உங்கள் பெட்டியின் அடியைவிட ஒரு செ.மீ. சிறியதாக, 5 மி.மீ. கனம். மேல்தகட்டில் 1 இன்ச் ஓட்டை ஒன்று போடச் சொல்லுங்கள், மணல் கொட்டுவதற்கு. வெல்டிங் சுற்றிலும் முழுதாக ஓட வேண்டும், புள்ளி வைத்து விட்டால் மணல் கசியும், கறகறவென்று சத்தமும் வரும். அடித்தகடு வெல்டிங் சூட்டில் வளையும். பெயிண்ட் அடிக்கும் முன் சமதரையில் வைத்து ஆடுகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

மணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்டாண்ட் தயாரானபோது பட்டறைக்காரர் வெறும் பைப்பை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். "டிங்ங்..." என்று கோயில் மணி போல இழுத்தது. அவருக்கு அது நல்ல வெல்டிங்கின் அடையாளம், எனக்கு அது தொல்லை. பாட்டில் அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் பைப்பும் சேர்ந்து பாடும். வீட்டுக்குக் கொண்டுவந்து, சலித்துக் கழுவிய மணலை மாடியில் இரண்டு நாள் வெயிலில் காய வைத்தோம். அதற்கும் மேல், அம்மா நிலக்கடலை வறுக்கிற பெரிய வடச்சட்டியில் போட்டு ஈரம் போக வறுத்தோம். ஆறிய பிறகு புனல் வைத்துக் கொட்டி, பைப்பைப் பக்கவாட்டில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டத் தட்ட மணல் இறங்கிக்கொண்டே இருந்தது. கால்வாசி, அரைவாசி என்று நிறுத்தித் தட்டிப் பார்த்தேன். அரைவாசியிலேயே மணிச் சத்தம் செத்துவிட்டது. நிறைந்ததும் "தொக்" என்று மரக்கட்டையைத் தட்டியது போல இருந்தது. அந்தப் பைப்புக்கு நாலரை கிலோ மணல் பிடிக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு ஸ்டாண்ட் சுமார் 14 கிலோ.

ஈர மணலைக் கொட்டினால் உள்ளே துருப்பிடிக்கும். எம்-சாண்ட் போடலாம், ஆனால் அதையும் சலித்துக் காய வையுங்கள். ஓட்டையை ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள், எறும்பு குடியேறும்.

கடைசியாக ஒரு சோதனை. ஸ்பீக்கரை மேலே வைத்து, மேல் முனையில் ஒரு விரலால் தள்ளுங்கள். ஆடி நின்றால் சரி. சாய்கிறது என்றால் அடித்தகடு போதாது. குழந்தை இருக்கிற வீட்டில் இதில் சமாதானமே கூடாது. அடித்தகட்டை 35 செ.மீ. ஆக்குங்கள்.

செலவில்லாமல் ஏதாவது? ஊரில் சும்மா கிடக்கிற உரல் மேல் வைக்கலாமா?

வைக்கலாம். கருங்கல் உரலின் கனத்துக்கு எந்த ஸ்டாண்டும் ஈடாகாது. மேலே ஒரு கடப்பா கல் பலகை, இரண்டுக்கும் நடுவே ரப்பர் ஷீட். கடப்பா பலகையைத் தனியாகத் தட்டினால் அதுவும் ஓசை தரும், ரப்பர் அதை அடக்கிவிடும். ஆனால் நான் பார்த்த உரல்கள் ஒன்றரை அடி உயரத்தைத் தாண்டவில்லை. தரையில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு ஏற்றது.

இன்னொரு வழி, காம்பவுண்ட் கட்டுகிற சாலிட் பிளாக். 16-க்கு 8-க்கு 6 இன்ச் கல், ஒன்று 25 கிலோவுக்கு மேல் இருக்கும். நான்கைப் படுக்கையாக அடுக்கினால் 60 செ.மீ. நடுவில் கொஞ்சம் சிமென்ட் கலவை வைத்துவிடுங்கள், வெறுமனே அடுக்கினால் நகரும். மேலே சென்னிமலைப் போர்வைத் துண்டு ஒன்றைச் சுற்றித் தைத்துப் போட்டால் பார்க்கவும் அழகாக இருக்கும்.

ஸ்பைக் போட வேண்டுமா?

நம் வீடுகளில் தேவையில்லை. ஸ்பைக் என்பது ஸ்டாண்டின் அடியில் இருக்கும் கூர்முனைக் கால், கெட்டியான கம்பளத்தைத் துளைத்துக்கொண்டு அடித்தரையில் ஊன்றி நிற்பதற்காக வந்தது. டைல்ஸிலும் கிரானைட்டிலும் அது கீறும், சில நேரம் டைல்ஸின் விளிம்பைப் பெயர்க்கும். ஸ்டாண்டோடு ஸ்பைக் வந்திருந்தால் அடியில் ஒரு 5 ரூபாய் நாணயம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஸ்பைக்கைக் கழற்றிவிட்டு ஃபெல்ட் ஒட்டுகிறவன். பெட்டிக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே நான்கு மூலையிலும் ப்ளூ டாக் என்ற ஒட்டும் பசையைக் கோலிக்குண்டு அளவு உருட்டி வைத்து அமுக்கினால் பெட்டி நகராது, பாலிஷும் கெடாது.

ஹாலில் பேசினாலே எதிரொலிக்கிறது. பாட்டு எப்படி நன்றாக இருக்கும்?

இதுதான் இப்போதைய வீடுகளின் பெரிய குறை. தரை முழுக்க வெட்ரிஃபைட் டைல்ஸ், சுவர் முழுக்கப் புட்டி, சோபா ரெக்ஸின். ஒலிக்குப் போய் அடங்க இடமே இல்லை. நடு ஹாலில் நின்று கும்மிக்குத் தட்டுவது போலப் பளீரென்று ஒரு தட்டுத் தட்டுங்கள். தட்டிய பிறகு "ட்ர்ர்ர்" என்று ஒரு நடுக்கம் இழுத்தால், எதிரெதிர்ச் சுவர்கள் அந்தச் சத்தத்தைப் பந்து போல எறிந்து விளையாடுகின்றன என்று அர்த்தம்.

இதைக் கணக்காக்கியவர் அமெரிக்காவின் வாலஸ் சாபின். 1895 வாக்கில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை என்று அவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் கொண்டுவந்து போட்டுப் போட்டு, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். அவருடைய சூத்திரப்படி நம் 16-க்கு 11-க்கு 10 அடி ஹாலைப் பார்த்தால்: கொள்ளளவு 50 கன மீட்டர், சுவர், தரை, கூரை சேர்த்து 83 சதுர மீட்டர். காலியாக, எல்லாம் வழவழப்பாக இருந்தால் சத்தம் அடங்க 3 நொடி ஆகும். பாட்டுக்கு அரை நொடி போதும். அந்த அரை நொடிக்குக் கொண்டுவர, ஒலியை முழுதாக விழுங்குகிற பரப்பு 16 சதுர மீட்டர் வேண்டும். ஒரு ஆள் உட்கார்ந்தால் ஏறக்குறைய அரை சதுர மீட்டர். கல்யாணத்துக்கு முந்தின நாள் உறவுக்கூட்டம் நிறைந்த வீட்டில் ரேடியோகூட இனிமையாகக் கேட்பது இதனால்தான்.

விழுங்குகிற பொருள் எல்லாம் நம் ஊரிலேயே விளைகிறது, நெய்யப்படுகிறது. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் பவானி ஜமக்காளம் விரியுங்கள். ஒற்றை ஜமக்காளம் மெலிசு, கூர்மையான சத்தத்தை மட்டும்தான் பிடிக்கும். அடியில் ஒரு பழைய இலவம்பஞ்சு மெத்தையையோ கனமான தென்னை நார்ப் பாயையோ போட்டு அதன் மேல் விரித்தால் வேலை செய்யும். ஜன்னலுக்குக் கரூர்த் திரைச்சீலை, கனமான துணியில், ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுத்து நிறைய மடிப்போடு. சுவரோடு ஒட்டாமல் 10 செ.மீ. தள்ளிக் கம்பி அடியுங்கள். அந்த இடைவெளி இருந்தால்தான் துணி இன்னும் கீழ் ஸ்வரங்களையும் பிடிக்கும். ரெக்ஸின் சோபாவின் மேல் கெட்டிப் போர்வை. புத்தக அலமாரி, துணிமணி எல்லாமே உதவிதான்.

பக்கச் சுவரில் எந்த இடம் முக்கியம் என்று கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி போதும். நீங்கள் உட்காருங்கள், ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தட்டும். கண்ணாடியில் ட்வீட்டர் எங்கே தெரிகிறதோ அங்கேதான் முதல் எதிரொலி பட்டு வருகிறது. அந்த இடத்தில் கெட்டியாக ஏதாவது தொங்கவிடுங்கள். குரலின் உருவம் அப்போதே கூர்மையாகும்.

நாமக்கல் முட்டை அட்டையை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டலாமா?

வேண்டாம். மெல்லிய காகிதக் கூழ் அது. நடு ஸ்வரங்களில் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகும், பேஸ் அதற்குத் தெரியவே தெரியாது. தூசி சேரும், கரப்பான் வரும், ஒரு தீப்பொறி பட்டால் சுவரே பற்றிக்கொள்ளும். நாமக்கல்லில் இருந்து முட்டை வரட்டும், அட்டை திரும்பிப் போகட்டும்.

தாராபுரம் பக்கம் எங்கள் அப்பாரு கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. அங்கே வைக்கலாமா?

உடனே வையுங்கள். சரிந்த ஓட்டுக்கூரையும் தரையும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாததால் மேலும் கீழும் எதிரொலி சிக்கி நிற்பதில்லை. ஓட்டு இடுக்குகள் வழியாகவும் மரச்சட்டங்கள் வழியாகவும் பேஸ் வெளியேறிவிடும். தொட்டிக்கட்டு வீடாக இருந்தால் இன்னும் நல்லது. வானம் பார்த்த முற்றம் எதிரொலியைத் திருப்பித் தராத ஜன்னல். ஆசாரத்தில் ஒரு குட்டைச் சுவரோரம் வைத்து முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்து கேட்ட ஒரு மார்கழிக் காலை எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. ஸ்பீக்கர் சாதாரணமானது. நாதஸ்வரத்தின் சீவாளியில் மூச்சு படுகிற சன்னமான சத்தம்வரை கேட்டது.

மழைச்சாரல் படாத இடமாகப் பாருங்கள். பழைய வயரிங்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஆம்பைச் சொருகுங்கள்.

ஃபேன் சத்தமும் தறிச் சத்தமும் இருக்கிறதே?

சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் சீலிங் ஃபேனுக்கு நேர் அடியில் உட்காராதீர்கள். இறக்கை சுற்றும்போது மேலே பட்டுத் திரும்புகிற ஒலியை வெட்டி வெட்டி அனுப்பும், நீண்ட ஸ்வரம் லேசாக நடுங்குவது போல இருக்கும். வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறையும்.

பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறி நடுவே குடியிருப்பவர்களுக்கு ஒரே வழி, கிட்ட உட்காருவது. தூரத்தைப் பாதியாக்கினால் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் ஏறும். ஆம்பைத் திருகிச் சத்தத்தைக் கூட்டுவதைவிட இது காதுக்கு நல்லது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கிற மாதங்களில் மேற்கு ஜன்னலைச் சாத்திவிடுங்கள், தூசிக்காகவும் சேர்த்து.

ஸ்பீக்கர் ஒயர் விலையுயர்ந்தது வேண்டுமா?

வேண்டாம். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 5 மீட்டருக்குத் தாராளம். போக வரச் சேர்த்தே 0.07 ஓம்தான் வரும். மிச்சப் பணத்தில் ஸ்டாண்ட் செய்யுங்கள். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு என்பதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். ஒன்று மாறிவிட்டால் குரல் நடுவில் நிற்காது, பேஸ் மெலியும். சந்தேகம் இருந்தால் ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றி, அந்த முனையில் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். சிவப்பில் பிளஸ் படும்போது வூஃபர் முன்னால் வர வேண்டும், இரண்டு பக்கமும்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று "புஸ் புஸ்" என்கிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா?

முதலில் டார்ச் அடித்துப் போர்ட் ஓட்டைக்குள் பாருங்கள். எனக்கு நடந்தது: ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தால், குளவி உள்ளே மண்கூடு கட்டி முக்கால்வாசி அடைத்துவிட்டிருந்தது. மீதி இடுக்கில் காற்று சீறியது. குளவி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பெட்டியைக் குப்புறச் சாய்த்து, மரக்குச்சியால் மெல்லப் பெயர்த்து எடுத்தேன். இப்போது ஊருக்குப் போகும்போது போர்ட்டில் ஒரு துணிப்பந்தைச் செருகிவிட்டுத்தான் போகிறேன். கூடு இல்லை என்றால் வூஃபரின் ஓர ஃபோமைப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருடப் பெட்டிகளில் அது பொடிந்து உதிரும். ஃபோமை மட்டும் மாற்ற முடியும், வூஃபரைத் தூக்கி எறிய வேண்டாம்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எல்லாம் நகர்ந்துவிடுமே, மறுபடி முதலிலிருந்தா?

இடம் அமைந்த அன்றைக்கே, ஸ்டாண்டின் முன்னிரண்டு மூலை தொடுகிற இடத்தில் நெயில் பாலிஷால் கடுகு அளவு புள்ளி வைத்துவிடுங்கள். டைல்ஸ் இணைப்புக் கோட்டில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. பின்சுவர், பக்கச்சுவர் தூரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அது பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நகர்த்தும்போது ஸ்பீக்கரை முதலில் இறக்கிவிட்டு, ஸ்டாண்டை மேல்தகட்டைப் பிடித்துத் தூக்காமல் பைப்பைக் கட்டிப்பிடித்துத் தூக்குங்கள். திரும்ப வைத்ததும் மணல் இறங்கியிருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள். மேல்பாகம் மட்டும் "டிங்" என்றால் ஒரு டம்ளர் மணல் சேர்த்துக்கொள்ளலாம்.